விமான நிலையத்தை வளர்க்கப் போகிறவர்களுக்கு

திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். வரைபடம் போடவும் கணினியில் மாதிரி ஓட்டவும் உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு பெரிய விமான நிலையத்தை அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுக்கு எப்படி வளர்ப்பது என்று யோசிக்கும்போது எதை முதலில் பார்ப்பது, எதை எந்த நிலையிலும் விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். பெரும்பாலும் சென்னையை வைத்தே பேசுவேன். இப்போது இயங்கும் மீனம்பாக்கத்தை இன்னும் எவ்வளவு நீட்டலாம், இரண்டாவது விமான நிலையத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கும் பரந்தூரில் எதை எப்போது கட்டலாம் என்ற இரண்டு கேள்வியும் உங்கள் தலைமுறையின் மேசைக்குத்தான் வரப்போகின்றன.

1. கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிலத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மீனம்பாக்கத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும். அதைத் தாண்டினால் திரிசூலம், பல்லாவரம் மலைகள். மறுபக்கம் அடையாறு. சுற்றி ராணுவ நிலமும் நெருக்கமான குடியிருப்புகளும். உள்ளே இருக்கும் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதைத் தன்னிச்சையாகப் பயன்படுத்த முடியாது. இரண்டு இருந்தும் இரண்டின் பலன் கிடைப்பதில்லை. 2023 ஏப்ரலில் சுமார் 1,260 கோடி ரூபாயில் புதிய முனையம் திறந்தோம். அழகான கட்டடம், தேவையான கட்டடம். ஆனால் முனையம் எவ்வளவு பெரிதானாலும் ஒரு மணி நேரத்தில் ஓடுபாதை எத்தனை விமானங்களை ஏற்கும் என்பது அதனால் மாறாது. 2018-19இல் சென்னை சுமார் 2.25 கோடிப் பயணிகளைக் கையாண்டது. 2024-25இலும் ஏறக்குறைய அங்கேயே நின்றது. 2008இல் தேவனஹள்ளியில் ஏறத்தாழ 4,000 ஏக்கரில் புதிதாகத் தொடங்கிய பெங்களூரு இதே காலத்தில் நான்கு கோடியைத் தாண்டிவிட்டது. விமான நிறுவனங்களின் முடிவு, நகரின் தொழில் வளர்ச்சி என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் நிலத்தின் மேல் போடாதீர்கள். ஆனால் இரண்டாவது ஓடுபாதைக்குப் பெங்களூரில் இடம் இருந்தது, 2019 இறுதியில் அதைத் திறந்தார்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

இணையான இரண்டு ஓடுபாதைகளில் விமானங்கள் ஒன்றுக்கொன்று காத்திராமல் இறங்க வேண்டுமானால் நடுவே குறைந்தது 1,035 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது. சிங்கப்பூரின் சாங்கியில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில்தான் முதல் மூன்று முனையங்களும் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன: 1981, 1990, 2008. முதல் முனையம் கட்டும்போதே மூன்றாவதற்கு இடம் இருந்தது. பழைய விமான நிலையமான பாயா லேபாரில் இன்னொரு ஓடுபாதை போட்டுச் சமாளிக்கலாம் என்ற யோசனையைக் கைவிட்டு, கடலைத் தூர்த்து சாங்கியில் கட்டுவது என்று அவர்கள் முடிவெடுத்தது 1975இல். எண்ணெய் விலை ஏறி உலகமே தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது. பெரிய கட்டடம் எழுப்பியதற்காக அல்ல, பெரிய இடம் விட்டுச் சிறிதாகத் தொடங்கியதற்காக நான் சாங்கியை மதிக்கிறேன்.

2. கணிப்பு தவறும். தவறினாலும் திட்டம் நிற்க வேண்டும்.

இருபது ஆண்டுக்குப் பிறகு எத்தனை பயணிகள் வருவார்கள் என்று ஒரு கோடு வரைந்து தருவார்கள். அந்தக் கோட்டை மரியாதையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் நீங்களே வரையுங்கள். கீழ்க்கோடு நடந்தால் நாம் கடனில் மூழ்குவோமா? மேல்கோடு நடந்தால் நமக்கு இடம் இருக்குமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கனடாவில் மாண்ட்ரியலுக்கு மிராபெல் என்று ஒரு விமான நிலையம் கட்டினார்கள். ஏறத்தாழ 97,000 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. 1975இல் திறந்தார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து வரும் விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கியே ஆக வேண்டும், நகரமும் பெருகிக்கொண்டே போகும் என்ற கணக்கில் கட்டியது. நெடுந்தூரம் பறக்கும் விமானங்கள் வந்தன. வணிகம் டொராண்டோவுக்கு நகர்ந்தது. ஆண்டுக்கு முப்பது லட்சம் பயணிகள் என்ற அளவை மிராபெல் தாண்டவே இல்லை. 2004 அக்டோபரில் கடைசிப் பயணி விமானம் கிளம்பியது. 2014இல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள்.

சாங்கியில் 2019இல் 6.83 கோடிப் பேர். 2021இல் முப்பது லட்சம் பேர். எந்தக் கணிப்பாளரின் கோட்டிலும் இந்தப் பள்ளம் கிடையாது. அப்போது ஐந்தாம் முனையத்தின் வேலையை இரண்டு ஆண்டு நிறுத்திவைத்தார்கள். சும்மா நிறுத்தவில்லை. வடிவமைப்பை மறுபடி எடுத்து, தொற்றுக் காலத்தில் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து இயக்கும்படி மாற்றினார்கள். 2025 மே மாதம்தான் அடிக்கல் நாட்டினார்கள். ஆண்டுக்கு ஐந்து கோடிப் பேருக்கான முனையம் அது.

ஆகவே திட்ட அறிக்கையில் ஆண்டை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். '2035இல் இரண்டாம் கட்டம்' என்று எழுதினால் 2035 வந்ததும், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும் என்று நெருக்குவார்கள். 'பயணிகள் எண்ணிக்கை முதல் கட்டக் கொள்ளளவில் இவ்வளவைத் தொட்டதும் வரைபட வேலை, இவ்வளவைத் தொட்டதும் ஒப்பந்தம்' என்று எழுதுங்கள். கட்டி முடிக்க ஆகும் ஆண்டுகளைப் பின்னோக்கிக் கழித்து அந்த எல்லைகளைக் குறியுங்கள். பரந்தூரில் நான்கு கட்டமாக, முடிவில் ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகளுக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பத்துக் கோடி மேடையில் கேட்க நன்றாக இருக்கும். உங்கள் கவனம் முழுக்க முதல் கட்டத்தின் மீதும், முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையிலான காலத்தின் மீதும் இருக்கட்டும்.

3. ஆண்டுக் கணக்கைவிட மணிக் கணக்கு முக்கியம்.

இரவு ஒரு மணிக்குச் சென்னை பன்னாட்டு முனையத்தின் புறப்பாட்டு வாசலில் போய் நில்லுங்கள். துபாய், தோஹா, அபுதாபி, ஐரோப்பா என்று வரிசையாக விமானங்கள். கைப்பெட்டியை மறுபடி திறந்து ஊறுகாய்ப் பாட்டிலைப் பெரிய பெட்டிக்கு மாற்றும் அம்மா. கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு வேலைக்குப் போகும் இளைஞர்கள். ஒருவர் பயணம் போக நாலைந்து பேர் வழியனுப்ப வந்திருப்பார்கள். அதே இடத்துக்குப் பகல் பதினோரு மணிக்கு வாருங்கள், மூச்சுவிடத் தாராளமாக இருக்கும். ஆண்டு மொத்தத்தை 365ஆல் வகுத்து, இருபத்து நாலால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. உச்ச நேரத்துக்குத்தான் கட்ட வேண்டும். அதிலும் ஆண்டின் ஆக நெரிசலான ஒரே ஒரு மணி நேரத்துக்குக் கட்டினால் பணம் விரயம். பிரிட்டனில் ஆண்டின் முப்பதாவது நெரிசலான மணி நேரத்தை அளவாக எடுக்கும் வழக்கம் உண்டு. எதை அளவாக வைத்தாலும் எங்கே அடைக்கிறது என்று கண்ணால் பாருங்கள். செக்-இன் கவுண்டரிலா, குடியேற்ற வரிசையிலா, பாதுகாப்புச் சோதனையிலா, பெட்டி வரும் பெல்ட்டிலா? பத்துக் கவுண்டர் சேர்த்தால் தீரும் நெரிசலுக்குப் புது முனையம் கேட்பவர்களை நிறைய பார்த்துவிட்டேன். வழியனுப்ப வருகிறவர்களுக்கும் நிழலும் இருக்கையும் குடிநீரும் வேண்டும். அவர்களைப் பயணிகள் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, ஆனால் வாசலில் நிற்பது அவர்கள்தான்.

4. தண்ணீரின் பாதையை அறியாமல் ஒரு கோடும் போடாதீர்கள்.

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்வேன். விமான நிலையம் என்பது பல சதுர கிலோமீட்டர் சமதளம், அதில் பெரும்பகுதி கான்கிரீட்டும் தாரும். விழுந்த மழை உள்ளே இறங்காது. அதே சமயம் மேட்டிலிருந்து வரும் தண்ணீருக்கு அந்த இடம் குறுக்கே நிற்கும்.

மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டுக் கடந்து போகிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு வெள்ளத்தால் விமான நிலையம் மூடப்பட்டது, 6ஆம் தேதிதான் மறுபடி விமானங்கள் ஓடத் தொடங்கின. இடையில் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட வேண்டியிருந்தது. மீனம்பாக்கத்தில் பெய்த மழை மட்டும் அல்ல அந்த வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த தண்ணீரும், மேலே உள்ள எத்தனையோ ஏரிகளின் மிகைநீரும் ஆற்றில் சேர்ந்து வந்தது. வேலிக்குள் வடிகால் எவ்வளவு நன்றாக இருந்தாலும், போய்ச் சேர வேண்டிய ஆறே நிரம்பி நின்றால் அந்த வடிகால் எங்கே வடியும்?

பரந்தூர் திட்ட எல்லைக்குள் ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. கம்பன் கால்வாய் அதன் ஊடே போகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே என்று சங்கிலியாகப் போகும். நடுவில் ஒன்றைத் தூர்த்தால் மேலே இருப்பவன் வயல் மூழ்கும், கீழே இருப்பவன் வயல் காயும். அதனால் செயற்கைக்கோள் படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். எது ஏரி, எது வரத்துக்கால், எது மேய்க்கால் புறம்போக்கு என்று அதில் இருக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில், மழை விட்ட மறுநாள், ஊரில் மதகு திறந்து பாசனம் பார்த்த நீர்க்கட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடங்கள். எந்த வருடம் எது வரை தண்ணீர் ஏறியது என்று அவர் கோயில் படிக்கட்டையோ பனைமரத்தையோ காட்டிச் சொல்வார். அந்த உயரத்தை லெவல் கருவி வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாதிரி காட்டும் வெள்ள உயரம் அந்தக் குறிக்குக் கீழே இருந்தால் மாதிரியைத் திருத்துங்கள், பெரியவரை அல்ல.

வேறு நாட்டுப் பாடம் வேண்டுமானால் ஜப்பானின் கான்சாய் இருக்கிறது. 1994இல் கடலுக்குள் தீவு அமைத்துத் திறந்தார்கள். நினைத்ததைவிட அதிகமாக அமிழ்ந்தது. 2018 செப்டம்பர் சூறாவளியில் ஓடுபாதை நீருக்குள் போனது. அலையில் இழுத்துவரப்பட்ட ஒரு டேங்கர் கப்பல் பாலத்தில் மோத, ஆயிரக்கணக்கானவர்கள் தீவிலேயே சிக்கிக்கொண்டார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் தண்ணீர் தன் கணக்கைத் தனியாகப் போடும்.

5. ஊர் மக்களுக்குச் செய்தி உங்கள் வாயால் போகட்டும், தொலைக்காட்சி வழியாக அல்ல.

1966இல் ஜப்பான் அமைச்சரவை நரிதாவில் விமான நிலையம் என்று முடிவெடுத்தது. நிலம் உழுதுகொண்டிருந்த விவசாயிகளிடம் முன்கூட்டி யாரும் பேசவில்லை. போருக்குப் பிறகு காட்டைத் திருத்தி, கையால் மண் பண்படுத்தியவர்கள் அவர்களில் பலர். எதிர்ப்பு மூண்டது, மோதலில் உயிர்கள் போயின. 1978 மார்ச்சில் திறக்க இருந்த நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளேயே புகுந்து கருவிகளை உடைத்தார்கள். மே மாதம் ஒரே ஓடுபாதையோடு திறந்தார்கள். இரண்டாவது ஓடுபாதை வந்தது 2002இல். அதுவும் நினைத்த நீளத்துக்கு நிலம் கிடைக்காமல் 2,180 மீட்டரோடு நின்றது. பெரிய விமானங்கள் அதில் இறங்க முடியவில்லை. 2009இல்தான் 2,500 மீட்டர் ஆனது. ஒரு விவசாயியின் நிலத்தைச் சுற்றி டாக்ஸிவே பல ஆண்டுகள் வளைந்தே போனது. 1990களில் அரசு வட்டமேசையில் உட்கார்ந்து, நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டது. முப்பது ஆண்டு முன்பே அந்த மேசையைப் போட்டிருக்கலாம்.

பரந்தூர் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரத்தில் 2022இலிருந்து ஆண்டுக்கணக்காக மக்கள் இரவில் கூடி எதிர்ப்புத் தெரிவித்து வந்திருக்கிறார்கள். கிராம சபையில் தீர்மானம் மீது தீர்மானம் போட்டார்கள். 5,700 ஏக்கருக்கு மேல், பதின்மூன்று கிராமம் என்பது உங்கள் அட்டவணையில் ஒரு வரி. அங்கே அது குடியிருப்பும், கோயிலும், பள்ளிக்கூடமும், சுடுகாடும். இந்தத் திட்டம் வேண்டும் என்று நம்புகிறவர்களும் அந்த மக்களைத் தடை என்று பேசக் கூடாது. நீங்கள் அப்படிப் பேசாதீர்கள், கோப்பில் அப்படி எழுதாதீர்கள்.

செய்ய வேண்டியது என்ன? எல்லைக்கோட்டை வரையும்போதே எந்த வீடு, எந்த நத்தம் வெளியே நிற்க முடியும் என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். ஓடுபாதையை இரண்டு டிகிரி திருப்பினால், ஐந்நூறு மீட்டர் நகர்த்தினால் எத்தனை வீடு தப்பும் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கை ஊர் முன்னால் வையுங்கள். பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு உண்டு. குத்தகைக்கு உழுபவரும் கூலிக்கு நாற்று நடுபவரும் பட்டியலில் விடுபட்டுப் போவார்கள், அவர்கள் பெயரைத் தேடிச் சேருங்கள். எதிர்கால விரிவாக்கத்துக்கு நிலம் வேண்டுமென்றால் முழு விலை கொடுத்து எடுங்கள், இல்லையேல் விடுவித்துவிடுங்கள். 'எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம்' என்ற நிலையில் ஒரு குடும்பத்தை வைக்காதீர்கள். வீட்டில் ஓர் அறை கூட்ட முடியாது, மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்க முடியாது, வங்கி கடன் தராது. மீனம்பாக்கத்தை அடுத்த மணப்பாக்கம், கொளப்பாக்கம் பக்கத்து மக்களைக் கேளுங்கள், விரிவாக்கப் பேச்சு அவர்களை என்ன செய்தது என்று சொல்வார்கள். மிராபெல்லில் மூவாயிரம் குடும்பங்களைக் கிளப்பினார்கள், எடுத்த நிலத்தில் சிறு பகுதியே பயன்பட்டது. மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கப் பல பத்தாண்டு பிடித்தது. முதல் அறிவுரையில் பெரிய இடம் விடுங்கள் என்றேன். அந்த இடம் யாரோ ஒருவரின் வாழ்க்கை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

6. ஒரு நகரத்துக்கு இரண்டு விமான நிலையம் என்றால் எது எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மிராபெல் தோற்றதற்குக் கணிப்பு மட்டும் காரணமில்லை. பன்னாட்டு விமானங்களை அங்கே அனுப்பிவிட்டு, உள்நாட்டு விமானங்களைப் பழைய டோர்வாலிலேயே வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இன்னொரு ஊருக்குப் போக வேண்டியவர் நகரைக் கடந்து பேருந்தில் போக வேண்டியிருந்தது. அவர் என்ன செய்தார்? டொராண்டோ வழியாகப் போனார். பரந்தூர் வந்த பிறகும் மீனம்பாக்கம் இயங்கும் என்கிறார்கள். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து சிங்கப்பூருக்கு மாறுபவர் எங்கே இறங்குவார், எங்கே ஏறுவார் என்ற கேள்வியை நீங்கள் இன்றே கேட்டுவையுங்கள்.

7. ரயில் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மிராபெல்லுக்குச் சொன்ன ரயில் வரவே இல்லை. திரிசூலம் ரயில் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தும், பெட்டியோடு சாலையைக் கடக்க மக்கள் எத்தனை ஆண்டு பாடுபட்டார்கள்! பரந்தூர் சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மெட்ரோவோ விரைவு ரயிலோ முதல் கட்டச் செலவிலேயே இருக்கட்டும்.

8. இறக்கையின் அகலத்தைக் கேளுங்கள்.

விமானங்கள் மாறும், கான்கிரீட் மாறாது. ஏ380இன் இறக்கை ஏறக்குறைய 80 மீட்டர் அகலம். அதற்காக உலகெங்கும் நிறுத்துமிடங்களை இடித்து அகலப்படுத்தினார்கள். இன்று அந்த விமானத்தின் தயாரிப்பே நின்றுவிட்டது. போயிங் 777எக்ஸ் வேறு வழி பார்த்தது. பறக்கும்போது 71.8 மீட்டர், தரையில் நுனிகளை மேலே மடக்கினால் 64.8 மீட்டர். 65 மீட்டர் நிறுத்துமிடத்துக்குள் அடங்கிவிடும். விமானம் செய்பவனே விமான நிலையத்தின் அளவுக்குள் அடங்க முயல்கிறான். ஆகவே ஒரு பெரிய விமானம் நிற்கும் இடத்தில் இரண்டு சிறியவை நிற்கும்படி கோடு போடுங்கள். கோட்டை மறுபடி வரையலாம், எரிபொருள் குழாயை மாற்றுவதுதான் கடினம்.

9. வேலிக்கு வெளியே வானத்தையும் காப்பாற்றுங்கள்.

ஓடுபாதையிலிருந்து நான்கு கிலோமீட்டர் வரை 45 மீட்டர் உயர எல்லை என்று விதி இருக்கிறது. இறங்கும் பாதையில் இன்னும் கடுமை. அடுக்குமாடிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். இன்றைய ஓடுபாதைக்கு மட்டும் பார்த்து ஒப்புதல் தராதீர்கள், நாளை வர இருக்கும் ஓடுபாதைக்கும் பாருங்கள்.

10. திறக்கும் தேதியை அரசியல் தீர்மானிக்க விடாதீர்கள்.

டென்வரில் தானியங்கிப் பெட்டி அமைப்பு வேலை செய்யாமல் விமான நிலையமே பதினாறு மாதம் தாமதமாக, 1995இல் திறந்தது. 2008 மார்ச்சில் ஹீத்ரோ ஐந்தாம் முனையம் திறந்த நாளிலிருந்தே பெட்டிகள் குவிந்து, ஐந்நூறுக்கும் மேல் விமானங்கள் ரத்தாயின. பெர்லின் விமான நிலையத் திறப்பு எட்டு ஆண்டு தள்ளிப்போனது. எல்லாம் பணக்கார நாடுகள், தேர்ந்த பொறியாளர்கள். ஒத்திகைக்கு ஆறு மாதம் கேளுங்கள். உண்மையான ஆட்கள், உண்மையான பெட்டிகள், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, அழும் குழந்தை, மின்வெட்டு எல்லாம் ஒத்திகையில் இருக்க வேண்டும்.

11. ஏன் என்று எழுதிவையுங்கள்.

கோப்பில் முடிவு இருக்கும், காரணம் இருக்காது. ஓடுபாதை ஏன் இந்தத் திசையில், இந்த ஏரியை ஏன் விட்டோம், அந்தத் தெருவை ஏன் எடுத்தோம், எந்த மாற்று யோசனையை எதனால் தள்ளினோம் என்று எளிய தமிழில் ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி போடுங்கள். யார் மறுத்துப் பேசினார்கள் என்பதையும், அவர்கள் சொன்ன காரணத்தையும் குறையாமல் எழுதுங்கள். மூன்றாம் கட்டம் வரும்போது நீங்கள் ஓய்வு பெற்றிருப்பீர்கள். அன்று அந்த இருக்கையில் இருப்பவர் காலி இடத்தைப் பார்த்து, இதை ஏன் சும்மா விட்டார்கள் என்று கேட்டு அங்கே வணிக வளாகம் கட்டிவிடாமல் இருக்க அந்தப் பதிவேடு வேண்டும். ஒரு பிரதி அலுவலகத்தில் இருக்கட்டும், இன்னொன்றை ஊராட்சி மன்றத்துக்குக் கொடுங்கள்.